சாமிப்படத்திலிருந்து உணரும் சட்டம் வரை

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு மலாயாவின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்டு, அடுத்த சில பத்தாண்டுகளில் பேராக்கின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறியபோது, ஊரில் ஆள் திரட்டி வந்த கங்காணிகளின் வழியே கடல் கடந்த தமிழர் குடும்பங்கள், தங்கள் லயத்து வீட்டுச் சுவரில் சாமிப்படத்துக்கென ஓரிடம் ஒதுக்கின. 1894இல் ஓவியர் ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம், எண்ணெய் ஓவியத்தின் சாயலை வண்ணக் கல்லச்சில் கொண்டுவந்து, தெய்வ உருவங்களை எளியோரும் வாங்கும்படி செய்திருந்தது. பிற்காலத்தில் கோவில்பட்டிக் கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகப் பெருகின. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, பொட்டும் பூவும் வைத்து வணங்கப்பட்ட இப்படங்களைச் சுவர் அலங்காரம் என்று வகைப்படுத்துவது பிழை; தெய்வத்தைத் தான் காண்பதோடு தெய்வம் தன்னைக் காண வேண்டும் என்பதே தரிசனத்தின் பொருள்.

வீடுகளுக்கு மின்சாரம் வந்த பின் படத்தைச் சுற்றிச் சீரியல் விளக்குகள் ஏறின. அடுத்து, ஒளி அசையும் படச்சட்டங்கள் கடைகளுக்கு வந்தன. ஒளி ஊடுருவும் படத்தின் பின்னே ஒரு பல்பு, இரண்டுக்கும் நடுவே சாய்ந்த கறுப்புக் கோடுகள் அச்சிட்ட தகடு, அதை மெல்லச் சுழற்றும் ஒரு சிறு மோட்டார், இவ்வளவே அதன் உள்ளமைப்பு. கோடுகள் ஒளியை மறைத்தும் விடுத்தும் நகர்வதால் தெய்வத்தின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுழல்வதுபோலவும், இயற்கைக் காட்சிகளில் அருவி கொட்டுவதுபோலவும் தோன்றும். இத்தகைய சட்டங்களில் பொருத்தப்படும் ஒத்தியங்கு மோட்டாரின் வேகம் மின்னோட்டத்தின் அலைவெண்ணுக்குக் கட்டுப்பட்டது. மலேசியாவில் அது நொடிக்கு 50 சுழற்சி. எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அருவி ஒரே வேகத்தில்தான் விழும்.

அசையும் படத்தின் தொடக்க வரலாறு இதற்கு மாறானது. பெல்ஜிய இயற்பியலாளர் பிளாட்டோ 1832இல் உருவாக்கிய, சுழற்றினால் உருவம் அசைவதாகத் தோன்றும் படத்தட்டையும், 1890களில் அமெரிக்காவின் காஸ்லர் அமைத்த மியூட்டோஸ்கோப் பெட்டியையும் (நூற்றுக்கணக்கான படஅட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிக் காட்டுவது) பார்ப்பவரின் கையே சுழற்றியது. வேகமும் நிறுத்தமும் அவர் விருப்பம்.

2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ என்னும் மலிவான கட்டுப்பாட்டுப் பலகை பிறந்த பின், அசைவைத் தீர்மானிக்கும் இடம் பார்ப்பவருக்கு மீண்டும் கிடைத்தது. பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் செய்வோர் இன்று அமைக்கும் சட்டத்தில், மீயொலி உணரி (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது) ஒரு மீட்டரில் நிற்பவரை ஏறத்தாழ 6 மில்லிநொடியில் அறிந்துகொள்ளும். உடனே படிநிலை மோட்டார், ஒரு சுற்றைப் பல நூறு சிறு படிகளாகப் பிரித்து, கட்டளையிட்ட படிவரை திரும்பி நிற்கும். ஆள் நெருங்கினால் படத்தின் கண் திரும்பவும், விலகினால் கதவு மூடவும் இதனால் இயலும். இதைத் திரைப்படத்தின் வாரிசாகக் கொள்வதைவிட, தன்னை நோக்கி வந்தவரைத் தானும் காணும் சாமிப்படத்தின் வழிவந்ததாகக் கொள்வதே பொருந்தும்.

பல்பு எரிந்துபோனதும் குப்பைக்குப் போவது பழைய மோட்டார்ச் சட்டங்களின் வழக்கமான முடிவு. 1883இல் நிறுவப்பட்ட, நாட்டின் மிகப் பழமையான பேராக் அருங்காட்சியகம் அமைந்திருப்பது தைப்பிங்கிலேயே; பழம்பொருளைக் காப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆகவே இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் தம்மிடம் எஞ்சியுள்ள சட்டங்களை எறிந்துவிடாமல், மோட்டாரும் படமும் பிரியாதபடி காத்து, வாங்கிய ஆண்டையும் கடையையும் பின்பலகையில் எழுதிவைத்தல் வேண்டும்.