தீர்வையற்ற கடைகளின் தோற்றம்

முதற் குலோத்துங்கனைச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று வரலாறு போற்றுகின்றது. அவன் அளித்த விலக்கு நாட்டினுள் வாழ்ந்தோரை நோக்கியது. இன்றைய விமான நிலையங்களில் ஒளிரும் தீர்வையற்ற கடைகளோ இதற்கு நேர்மாறான விதியின்மேல் எழுந்தவை. நாட்டைவிட்டு நீங்குவோர்க்கே அங்குச் சலுகை உண்டு. கைப்பை, கைக்கடிகாரம், பட்டுக் கழுத்துக்குட்டை முதலிய ஆடம்பரப் பொருள்கள் பயணிகளின் பெட்டிகளில் இடம்பெற்ற வரலாறு அவ்விதியிலிருந்தே தொடங்குகின்றது.

ஒரு நாட்டில் நுகரப்படாத பொருளுக்கு அந்நாட்டில் வரி இல்லை என்பதே அவ்விதி. கடலோடிகள் நெடுங்காலமாக இதன் பயனைத் துய்த்து வந்தனர். இதனை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்த பெருமை அயர்லாந்துக்கு உரியது. அக்காலத்து விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலை இடைநில்லாது கடக்கும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. எரிபொருள் நிரப்ப ஷானனில் இறங்கின. காத்திருந்த பயணிகளிடம் பணமும் இருந்தது, பொழுதும் இருந்தது. அங்கு உணவகப் பொறுப்பை ஏற்றிருந்த பிரெண்டன் ஓரீகன் இதனை நன்குணர்ந்தார். விமானத்துக்காகக் காத்திருப்போர் சட்டத்தின் பார்வையில் நாட்டைவிட்டு நீங்கியவரே என்பது அவர் கண்ட நுட்பம். 1947ஆம் ஆண்டில் அயர்லாந்து நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. உலகின் முதல் தீர்வையற்ற விமான நிலையக் கடை அங்கே பிறந்தது.

இவ்வணிகத்தை உலகளாவியதாக்கியவர்கள் சக் ஃபீனி, ராபர்ட் மில்லர் என்னும் அமெரிக்கர் இருவர். கடற்படை வீரர்க்கு மது விற்றுத் தொழில் பழகிய இவர்கள், 1960இல் ஹாங்காங்கில் தொடங்கிய நிறுவனத்தைப் பின்னர் ஹவாய்க்கும் விரித்தனர். நற்பேறு ஜப்பானிலிருந்து வந்தது. 1964இல் அந்நாடு தன் குடிமக்களின் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு இருந்த தடையை நீக்கியது. பயணம் சென்றோர் உற்றார்க்கும் உடன்பணியாற்றுவோர்க்கும் அன்பளிப்புக் கொணர்தல் ஜப்பானியர் மரபு; அதனை ‘ஒமியாகே’ என்பர். (வெறுங்கையுடன் திரும்பும் பயணியை எந்நாட்டுச் சுற்றமும் முகமலர்ந்து வரவேற்பதில்லை என்பது வேறு செய்தி.) மதுவில் தொடங்கிய விற்பனை நாளடைவில் தோற்பைகளுக்கும் நறுமணத் தைலங்களுக்கும் பெருகியது.

ஃபீனியின் வாழ்க்கை இவ்வரலாற்றில் வியப்புக்குரிய பகுதி. 1984இல் அவர் தம் பங்கை ஏறத்தாழ முழுமையாக, பிறர் அறியாவண்ணம், அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். 1997இல், லூயி வித்தோன் கைப்பைகளை உற்பத்தி செய்யும் பிரெஞ்சுக் குழுமத்துக்கு நிறுவனத்தின் பங்குகள் விற்கப்பட்டபோதே இது வெளிப்பட்டது. விலையுயர்ந்த பொருள்களை விற்றுச் செல்வம் குவித்த அவர் அணிந்திருந்ததோ மலிவான நெகிழிக் கடிகாரம். 2023இல் மறைவதற்கு முன் 800 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை அறப்பணிகளுக்குச் சென்றிருந்தது.

ஐரோப்பிய நகரங்களில் மற்றொரு முறையும் உண்டு. கடையில் மதிப்புக் கூட்டு வரியுடன் பொருளை வாங்கும் அயல்நாட்டார், வெளியேறுகையில் சுங்க அலுவலரிடம் காட்டி வரியைத் திரும்பப் பெறலாம். இடைநின்று உதவும் நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியைக் கட்டணமாகக் கழித்துக்கொள்கின்றன. தாய்நாட்டு எல்லையிலோ, வரம்புக்கு மேற்பட்ட பொருளுக்குத் தீர்வை கேட்கப்படும். இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தபின் வாங்குவோர் சிலரே. பிரிட்டன், வட அயர்லாந்து நீங்கலாக, இத்திட்டத்தை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திற்று. கருவூலத்தின் செலவை அரசு சுட்டியது. வாடிக்கையாளர் பாரிசுக்கும் மிலானுக்கும் சென்றுவிடுவர் என்று லண்டன் வணிகர் முறையிட்டனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் திட்டத்தை மீட்பதாக அறிவித்த அரசு, அக்டோபரில் அவ்வறிவிப்பைக் கைவிட்டது.