காரி ஆறும் ஒரு தமிழ்ச் சுபேதாரும்

போர்ப்படம் பார்த்த பேரன் கேட்டான்: "தாத்தா, இத்தாலிச் சண்டையில நம்ம ஆளுங்க இருந்தாங்களா?"

இருந்தார்கள். காசினோ நகரை ஒட்டி ஓடும் காரி, லிரி ஆற்றுடன் கலந்து கரிலியானோ என்ற பெயரில் கடல் சேர்கிறது. நம் வைகைபோல் அகலமில்லை. ஆனால் நீரோட்டம் வேகமானது. 1944இல் ரோம் செல்லும் வழியை ஜெர்மானியர் இங்கேதான் மறித்தார்கள். சுற்றிலும் கண்ணிவெடிகள்.

பிப்ரவரி 24 அன்று அருகிலுள்ள மிக்னானோவில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தார் மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். உடன் வந்த வீரர் வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுபேதார் விலகி ஓடவில்லை; அதன்மேல் பாய்ந்து, தன் உடலால் மூடித் தோழர்களைக் காத்து உயிர்விட்டார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. மே மாதம் இந்தியப் படை காரியைக் கடந்தது.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் பெயரையும் சொல்லி வையுங்கள்.