எண்ணிலிருந்து பெயருக்கு: பிக்கப் எஸ்யூவியான வரலாறு

கனரகப் பிக்கப்பை விற்றுவிட்டுக் கரடுமுரடான பாதையிலும் செல்லவல்ல எஸ்யூவி ஒன்றை வாங்குவது இன்று ஒரு குடும்பத்தின் முடிவு. சுமை குறைந்திருக்கலாம், ஆட்கள் கூடியிருக்கலாம், கையில் சற்றுப் பணம் சேர்ந்திருக்கலாம். ஆனால் இந்த மாற்றத்தை இந்தியாவில் முதலில் செய்து பார்த்தது ஒரு லாரி நிறுவனம். 1988 முதல் 1998 வரையிலான பத்தாண்டுகளில் ஒரே அடிச்சட்டகத்தின் மேல் முதலில் சரக்குப் பெட்டியும் பிறகு இருக்கைகளும் ஏறின. அந்த மாற்றத்தின் தடயங்கள் வண்டிகளின் பெயர்களிலும், வரிச்சட்டத்தின் சொற்களிலும், விபத்து வழக்குகளின் தீர்ப்புகளிலும் கிடக்கின்றன. மொழியியல் படித்தவர்களுக்கு இவை மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகத் தெரியும்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. நீராவி இரயில் எஞ்சின்கள் செய்ய 1945இல் நிறுவப்பட்ட டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954இல் டெய்ம்லர்-பென்சுடன் கைகோத்து லாரி செய்யத் தொடங்கி, அந்த உடன்படிக்கை 1969இல் முடிந்தபின் தனியே நடந்தது. பயணியர் கார் தயாரிக்க உரிமம் எளிதில் கிட்டாத காலம் அது; கார்களுக்கான உரிமக் கட்டுப்பாடு 1993இல்தான் நீங்கியது. எனவே, காரின் திசையில் நகர விரும்பிய லாரி நிறுவனத்துக்குச் சரக்கு வண்டியின் வழியே நடந்து செல்வதே இயல்பான பாதை. 1986இல் 407 என்ற சிறிய லாரி வந்தது. 1988இல் அதனினும் சிறிய டாடாமொபைல் 206 என்ற பிக்கப் வந்தது.

அந்த 206தான் இக்கதையின் மூதாய். அதன் அடிச்சட்டகத்தையும் முகப்பையும் டீசல் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, சரக்குப் பெட்டி இருந்த இடத்தைக் கூரையிட்டு மூடி, பக்கங்களில் பெரிய கண்ணாடிகள் பதித்து 1991இல் சியேராவை வெளியிட்டார்கள். மூன்று கதவுகள், குளிர்சாதனம், மின்விசையால் இறங்கும் சன்னல்கள் என்று அக்காலத்து இந்தியச் சாலைக்கு அது ஒரு வியப்பு. 1992இல் அதே குடும்பத்திலிருந்து எஸ்டேட், 1994இல் சுமோ, 1998இல் சஃபாரி. சஃபாரி வந்தபோது டர்போ டீசல் எஞ்சினும், ஓடும்போதே பொத்தானை அழுத்தி நான்கு சக்கர இயக்கத்துக்கு மாறும் வசதியும் வந்துவிட்டன. பிக்கப்பின் பேரப்பிள்ளை முழு எஸ்யூவியாகிவிட்டது.

இந்த மாற்றத்தில் உண்மையில் மாறியது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிக்கப்பின் பின்புறம் சுமைக்காகவே கட்டப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் பின் அச்சைத் தாங்குகின்றன. ஒரு டன் ஏற்றினால் அவை அமைதியாக அமரும். வெறும் வண்டியை ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்புறம் துள்ளும். எஞ்சின் முன்னே இருக்க, பின்னே சுமை இல்லாதபோது, பின்சக்கரங்களை அழுத்தும் எடை குறைந்துவிடுகிறது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் பிக்கப் ஒன்று ஈரமான மலையேற்றத்தில் சக்கரம் சுழன்று நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. மேலும், சரக்குப் பெட்டிக்காக நீட்டப்பட்ட சக்கர இடைவெளி, மேடான இடத்தைக் கடக்கையில் வயிற்றைத் தரையில் இடிக்கச் செய்யும். எஸ்யூவியில் அதே ஏணிச் சட்டகம் குறுகுகிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படுகிறது. சஃபாரியில் பின்புறப் பட்டைகளுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. ஆகவே, சுமக்கும் திறனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, இருக்கையின் அமைதியையும் சக்கரத்தின் பிடிப்பையும் வாங்குகிறோம். இது ஒரு பண்டமாற்று. பிக்கப்பை விட்டு எஸ்யூவிக்கு மாறுபவர் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இதே கணக்கைத்தான் போடுகிறார்.

இப்போது பெயர்களுக்கு வருவோம். லாரி உலகத்தின் பெயர்கள் எண்கள். 1612 என்றால் மொத்த எடை 16 டன், எஞ்சினின் வலு ஏறத்தாழ 120 குதிரைத்திறன் என்று ஓட்டுநர் படித்துக்கொள்வார். 407, 206 எல்லாம் அந்த மரபில் வந்த பெயர்களே. சரக்கு வண்டிக்கு அது போதும். வாங்குபவருக்கு வேண்டியது கணக்கு. இருக்கைகள் ஏறியவுடன் எண்கள் இறங்கிவிட்டன. சியேரா என்பது ஸ்பானிய மொழியில் மலைத்தொடர். சஃபாரி என்பது சுவாகிலி வழியாக உலகெங்கும் பரவிய சொல். அதன் வேர் பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். இந்தியிலும் உருதுவிலும் வழங்கும் 'சஃபர்' அதன் உடன்பிறப்பு. எவ்வளவு சுமக்கும் என்று சொன்ன பெயர், எங்கே கூட்டிப்போகும் என்று சொல்லும் பெயராகிவிட்டது.

சுமோவின் கதை தனி. ஜப்பானிய மல்யுத்தத்தை நினைத்துக்கொண்டு பலர் அப்பெயரைச் சொல்கிறார்கள். உண்மையில் அது டெல்கோவை நெடுங்காலம் வழிநடத்திய சுமந்த் மூல்காவ்கரின் பெயர்: 'சுமந்த்'திலிருந்து 'சு', 'மூல்காவ்க'ரிலிருந்து 'மோ'. அவர் 1989இல் மறைந்தார். வண்டி ஐந்தாண்டுகள் கழித்து வந்தது. ஆனால் மொழியில் ஒரு பெயர் யாருடைய நினைவுக்காக வைக்கப்பட்டது என்பதைவிட, அதை எடுத்து ஆள்பவர்கள் யார் என்பதே அதன் வாழ்வைத் தீர்மானிக்கிறது. தமிழ்த் திரைப்படங்களில் அது அடியாட்கள் வந்திறங்கும் வண்டியாயிற்று. மிசோரம், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து ஆகிய மாநிலங்களிலோ 'சுமோ' பொதுப்பெயராயிற்று. இருக்கைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து மலைப்பாதையில் பலரும் சேர்ந்து செல்லும் வண்டி சுமோ. பயணச்சீட்டு வாங்குமிடம் சுமோ கவுண்டர். காஷ்மீரில் அது சுமோ ஸ்டாண்ட். நிற்கும் வண்டி வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் பெயர் மாறுவதில்லை. 2019இல் சுமோவின் உற்பத்தி நின்றது. சொல்லின் உற்பத்தி நிற்கவில்லை. முன்பு 'ஜீப்' அடைந்த பேற்றை, இரயில் எட்டாத மலைகளில் 'சுமோ' அடைந்தது.

இராணுவத்தின் சொல்வழக்கு இதற்கு நேரெதிர். ஜிப்சிக்கு அடுத்த வண்டியைத் தேடியபோது இராணுவம் அந்த வகுப்புக்கு வைத்த பெயர் ஜிஎஸ்800. 800 என்பது கிலோவில் சுமைத்திறன். ஜிப்சி இருந்த வகுப்பு 500. உறுதியான கூரையும் குளிர்சாதனமும் வேண்டும் என்பன பிற நிபந்தனைகள். 2017இல் 3,192 சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. சந்தைக்குப் 'பயணம்' என்று விற்கப்பட்ட அதே வண்டியை இராணுவக் கோப்பு மீண்டும் எண்ணாகவே எழுதிக்கொண்டது. வண்டி ஒன்று, அதைப் பயன்படுத்துபவரின் தேவை எதுவோ அதுவே பெயராகிறது.

பெயர் சந்தையோடு நின்றிருந்தால் இது சுவையான செய்தித்துணுக்காகவே முடிந்திருக்கும். அது சட்டத்துக்குள் நுழைந்தபோதுதான் விலை ஏறியது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு எரிபொருள் சிக்கனச் சட்டம் சிறு லாரிகளுக்குக் கார்களைவிடத் தளர்ந்த அளவுகோலை வைத்தது. எஸ்யூவி அங்கே லாரியின் சலுகையில் வளர்ந்தது. இந்தியாவில் அது காரைவிடக் கூடுதல் வரி கட்டிக்கொண்டு வளர்ந்தது. 2013ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை எஸ்யூவிகளுக்கான கலால் வரியை 27 விழுக்காட்டிலிருந்து 30 ஆக்கியது. வாடகை வண்டியாகப் பதிவானவற்றுக்கு அவ்வுயர்வு இல்லை. சரி, எஸ்யூவி என்பது எது? எஞ்சின் 1500 சிசிக்கு மேல், நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல், தரையிடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்ற கேள்வி இந்த வரையறையில் இல்லை. கரடுமுரடான பாதையில் செல்லும் திறன் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. சில மாதங்களில் மகிந்திரா தன் எக்ஸ்யூவி500 வண்டியின் தரையிடைவெளியை அந்த 170க்குக் கீழே இறக்கி விலையையும் குறைத்தது. வண்டி சற்றே குனிந்தது. சட்டப்படி எஸ்யூவியாக இருப்பதிலிருந்து விடுபட்டது.

சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் இது இன்னும் சுவையானது. 2022 டிசம்பரில் மன்றம் அளித்த விளக்கத்தின்படி, 22 விழுக்காடு இழப்பீட்டு மேல்வரி விதிக்க மேற்சொன்ன மூன்று அளவுகளோடு நான்காவது நிபந்தனையும் நிறைவேற வேண்டும்: அந்த வண்டி மக்களிடையே எஸ்யூவி என்று அறியப்பட்டிருக்க வேண்டும். மக்கள் வழக்கு ஒரு வரிவிகிதத்தின் நிபந்தனையாவது அரிது. அதன் சிக்கலும் உடனே தெரிந்தது. நிறுவனம் தன் வண்டியை வேறு பெயரால் அழைத்தால் என்ன செய்வது? 2023 ஜூலையில் மன்றம் சொல்லை மாற்றியது: எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் சரி. தரையிடைவெளியைச் சுமையேற்றாத நிலையில் அளக்க வேண்டும் என்றும் சேர்த்தது. சரக்குப் பெட்டி போய் முப்பதாண்டுகள் ஆனபின்னும், அந்த வண்டியை வரையறுக்கச் 'சுமை' என்ற சொல் திரும்பி வர வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் மேல்வரி நீங்கி, பெரிய வண்டிகளுக்கு ஒரே 40 விழுக்காடு என்றாயிற்று.

இதற்கிடையில் சொல்லின் பொருளும் கரைந்துவிட்டது. 2021இல் சஃபாரி என்ற பெயர் மீண்டும் வந்தபோது அவ்வண்டிக்கு ஏணிச் சட்டகம் இல்லை. முன்சக்கரங்கள் மட்டுமே இழுத்தன. மறுபுறம், டொயோட்டா 2009இல் ஃபார்ச்சூனரை இங்கே கொணர்ந்தபோது அது ஹைலக்ஸ் பிக்கப்பின் சட்டகத்தில் பிறந்தது என்பதை எண்ணியவர் சிலர். அந்த ஹைலக்ஸ் இந்தியக் கடைகளுக்கு வந்தது 2022இல்தான். பிள்ளை முதலில் வந்து பெருமையாக வாழ்ந்து, பதின்மூன்றாண்டுகள் கழித்துத் தாய் வந்து சேர்ந்தாள். ஆகவே, உண்மையிலேயே மேட்டுநிலத்துக்கும் சேற்றுக்கும் வண்டி தேடுபவர் எஸ்யூவி என்ற சொல்லை நம்பக்கூடாது. சட்டகம் எது, எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன, தாழ்வேகப் பல்லிணை உண்டா என்று கேட்க வேண்டும்.

இறுதியாக, இந்த வரலாற்றில் உயிரோடு தொடர்புடைய பகுதி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் பிக்கப் ஒரு சரக்கு வாகனம். நம் சிற்றூர்களில் அறுவடைக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் ஆட்கள் அதன் பெட்டியில் நின்றுகொண்டே செல்கிறார்கள். 1994இல் சட்டத்தைத் திருத்தியபோது, சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு என்று சேர்த்தார்கள். மற்றவர்கள்? 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறிச் செல்பவரின் இழப்புக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பன்று. தன் தக்காளிக் கூடையோடு சந்தைக்குப் போகும் விவசாயிக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. அதே வண்டியில், அதே சாலையில், கூடையில்லாமல் உறவினர் திருமணத்துக்குப் போகும் அவர் மனைவிக்கு இல்லை. மனிதரின் இடத்தை அவர் கொண்டுவந்த சரக்கு தீர்மானிக்கிறது.

மலையில் சுமோவின் பின்னிருக்கையில் முழங்கால் இடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவருக்குச் சொகுசு என்று ஒன்றுமில்லை. ஆனால் அவர் அமர்ந்திருப்பது இருக்கையில். சட்டத்தின் கண்ணில் அவர் பயணி. பிக்கப்பிலிருந்து எஸ்யூவிக்கான மாற்றத்தை அந்தஸ்தின் ஏற்றமாகவே நாம் பேசிவருகிறோம். பெரும்பாலான இந்தியர்களுக்கு அது நின்றுகொண்டு போவதிலிருந்து உட்கார்ந்து போவதற்கான மாற்றம். விபத்து நேர்ந்தால் ஆளாக எண்ணப்படுவதற்கான மாற்றம். அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை என்பதை, முகூர்த்த நாளில் எந்த மாவட்டச் சாலையில் நின்று பார்த்தாலும் தெரியும்.

உங்கள் பகுதியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் இவ்வகை வண்டிகளுக்கு என்ன பெயர் வழங்குகிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நிறுவனம் வைத்த பெயர் வேண்டாம். ஊர் வைத்த பெயரே வேண்டும்.