ஒரே ஆய்வகம், இரு மருந்துகள்

அசாதயோப்ரின், அல்லோபியூரினால் ஆகிய இரண்டும் அமெரிக்காவின் பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில், ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோரின் உழைப்பில் உருவானவை. இருவரும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். லூபஸ், முடக்குவாதம் போன்றவற்றில் நோயெதிர்ப்பாற்றலை அடக்கத் தரப்படும் அசாதயோப்ரின், உடலில் மெர்கேப்டோபியூரினாக மாறும். அதனைச் சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி சிதைக்கும். அச்சிதைவைத் தடுத்து மெர்கேப்டோபியூரினுக்கு வலுவூட்டவே அல்லோபியூரினாலை முதலில் சோதித்தனர். (யூரிக் அமிலத்தையும் அது குறைத்ததால் 1966இல் கவுட் நோய்க்கு மருந்தாயிற்று.)

ஆகவே இரண்டையும் சேர்த்துண்டால் விளைவது அவ்வாய்வகம் அன்று நாடியதே, அளவுதான் நஞ்சாகிறது. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணுக்கள் சரியும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். தவிர்க்கவியலாதபோது மருத்துவர் அசாதயோப்ரினை ஏறத்தாழ நான்கிலொரு பங்காகக் குறைத்து, அடிக்கடி இரத்தம் சோதிப்பார். லூபஸுக்கு ஒருவரும் கவுட்டுக்கு மற்றொருவரும் எழுதும் மருந்துச்சீட்டுகளை இருவரிடமும் காட்டவேண்டியது இதனாலேயே.