வேதாரண்யத்து உப்பும் வெள்ளை மாளிகையும்

ராஜாஜி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் வரும் விவாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. குலக்கல்வித் திட்டம், இந்தி, மதுவிலக்கு, சுதந்திராக் கட்சி... ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இந்த நான்கைந்து விஷயங்களுக்குள்ளேயே சுற்றி வருவார்கள். அதே மனிதர் 83 வயதில் அமெரிக்க ஜனாதிபதியைச் சந்தித்து "அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள்" என்று கேட்கப் போனார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சாதித்தது என்ன என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கதையைக் காவிரிக் கரையிலிருந்து தொடங்குவதுதான் சரி. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு ராஜாஜி நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் வரை சுமார் 150 மைல். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் என்ற ஆங்கிலேயர். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் சிறைத் தண்டனை என்று அறிவித்தார். சோழ நாடு சோறுடைத்து என்று பெயர் வாங்கிய ஊரில் சோறு போடக்கூடாது என்று ஒரு உத்தரவு! ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சாப்பாட்டுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது இன்றும் அந்தப் பக்கம் சொல்லப்படும் செய்தி. ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளி ராஜாஜி கைதானார். பலம் உள்ளவனிடம் ஆயுதம் இல்லாமல் போய் நின்று, "நீ செய்வது தப்பு" என்று சொல்வது அவருக்கு அங்கே பழகிய வேலை.

இனி பசிபிக் கடலுக்குப் போவோம். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அதன் பலம் 15 மெகாடன். அதாவது ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஆயிரம் மடங்கு. விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அது வெடித்துவிட்டது. தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் நோயில் விழுந்தார்கள். படகின் ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்துபோனார். அந்தப் படகுக்கு 'அதிர்ஷ்ட டிராகன்' என்று பெயர் என்பதுதான் கொடுமை.

அந்த ஏப்ரல் 2ஆம் தேதி நேரு மக்களவையில், பேச்சுவார்த்தை முடியும் வரை சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்று வல்லரசுகளைக் கேட்டுக்கொண்டார். அதே மாதம்தான் சென்னையில் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு விலகினார். பதவி போனதும் கை சும்மா இருக்கவில்லை. எழுத ஆரம்பித்தார். பிற்பாடு 'சுவராஜ்யா' வார இதழிலும் எழுதினார். நேருவைவிட அவர் ஒரு படி மேலே போனார். இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்துங்கள் என்றார் நேரு. ரஷ்யா நிறுத்துகிறதோ இல்லையோ, அமெரிக்கா முதலில் தானாக நிறுத்தட்டும் என்றார் ராஜாஜி. யாரும் முதல் அடி எடுத்து வைக்காவிட்டால் யாருமே எடுத்து வைக்கமாட்டார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

இன்னொன்றும் உண்டு. குண்டு வெடிப்பது பசிபிக்கில் என்றாலும் தூசு வானத்தில் ஏறி உலகம் முழுக்க மழையோடு இறங்கும். அதில் உள்ள ஸ்ட்ரான்ஷியம்-90 கால்சியம் போலவே நடந்துகொள்ளும். புல்லில் படிந்து, மாட்டின் பாலில் சேர்ந்து, குழந்தையின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பாதியாகக் குறையவே சுமார் 29 வருடங்கள் ஆகும். லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் கணக்கிலேயே இல்லாத ஊராருக்கு. மழையையும் ஆற்றையும் நம்பிக் குறுவையும் சம்பாவும் போடுகிற விவசாயியை எந்த வல்லரசும் சம்மதம் கேட்கவில்லை.

இங்கேதான் வேடிக்கை. ராஜாஜி அமெரிக்க எதிரி அல்ல. 1952ல் முதல்வரானபோது கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று பகிரங்கமாகச் சொன்னவர். அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லாவில் செங்கொடிச் சங்கம் எவ்வளவு பலமாக இருந்தது என்பது தெரிந்ததே. ஆனால் அமெரிக்க அணுகுண்டை எதிர்ப்பதில் இந்த இரண்டு எதிரிகளும் ஒரே பக்கம் நின்றார்கள். வித்தியாசம் என்னவென்றால், ரஷ்யா வெடித்தால் கம்யூனிஸ்டுகளுக்குக் கண்டிக்கத் தயக்கம். ராஜாஜிக்கு அது இல்லை.

தன் பக்கத்து ஆட்களையே சங்கடப்படுத்துவது அவருக்குப் புதிதும் அல்ல. 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். மிராசுதார்கள் கொதித்துப் போனார்கள். பிறகு நில உச்சவரம்பு பயம் வந்தபோது, 1959ல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சியை நோக்கி அதே மிராசுதார்களில் பலர் வந்தார்கள் என்பது தனிக்கதை.

1958 நவம்பரிலிருந்து அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்தன. 1961 செப்டம்பர் 1 அன்று ரஷ்யா அதை உடைத்தது. அக்டோபர் 30ல் 50 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்தது. உலகில் இதுவரை வெடித்தவற்றில் அதுதான் பெரியது. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் மறுபடி வானத்தில் வெடிக்கத் தொடங்கியது. அந்த ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்தியது. அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த ராஜேந்திர பிரசாத் அதில் கலந்துகொண்டார். அங்கிருந்து கிளம்பியதுதான் அமெரிக்கத் தூதுக்குழு. ராஜாஜி, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் மூவரும் போனார்கள். உள்நாட்டில் நேருவின் பொருளாதாரக் கொள்கையை வரிக்கு வரி கிழித்துக்கொண்டிருந்த எதிர்க்கட்சித் தலைவர், இந்த ஒரு விஷயத்தில் நேரு சொல்வதையே இன்னும் கூர்மையாகச் சொல்ல விமானம் ஏறினார்.

செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார்கள். கென்னடிக்கு வயது 45, ராஜாஜிக்கு 83. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேச்சு நீண்டது. ரகசியமாகச் சோதனை நடத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பது, ரஷ்யா தன் மண்ணில் சோதனையாளர்களை அனுமதிக்குமா என்பதெல்லாம் அமெரிக்கத் தரப்பின் நெடுநாளைய கேள்விகள். அதற்கு ராஜாஜியிடம் தொழில்நுட்பப் பதில் எதுவும் கிடையாது. நம்பிக்கையை யாராவது தொடங்கி வைக்க வேண்டும் என்பது மட்டுமே அவருடைய பதில். பலவீனமான வாதம் என்று அன்றைக்கே சொன்னவர்கள் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த மூன்று வாரங்களில் உலகமே தலைகீழானது. அக்டோபர் 16 அன்று கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் இருக்கும் படங்கள் கென்னடியின் மேஜைக்கு வந்தன. 20ஆம் தேதி சீனா இந்தியாவைத் தாக்கியது. அணிசேராக் கொள்கையை விட்டுவிட்டு மேற்கு நாடுகளோடு சேருங்கள் என்று ராஜாஜி இப்போது வற்புறுத்தினார். அமெரிக்காவின் குண்டையும் எதிர்க்கிறார், அமெரிக்காவின் துணையும் வேண்டும் என்கிறார், இது என்ன நியாயம் என்று கேட்டால் தப்பில்லை. நண்பனிடம்தானே கெட்ட பழக்கத்தை விடச் சொல்ல முடியும் என்று அவர் தரப்பில் ஒருவர் சொல்லக்கூடும். அந்தப் பதில் முழுத் திருப்தி தருவதில்லை.

1963 ஆகஸ்ட் 5 அன்று வானம், விண்வெளி, கடலடி மூன்றிலும் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. இந்தியா மூன்றே நாளில் கையெழுத்திட்டது. இதற்கான பெருமையை ராஜாஜிக்குக் கொடுப்பது மிகை. ராஜாஜி போவதற்கு ஒரு மாதம் முன்பே, 1962 ஆகஸ்ட் 27ல், இப்படி ஒரு வரைவை அமெரிக்காவும் பிரிட்டனும் ஜெனீவாவில் வைத்துவிட்டன. கியூபா கொடுத்த பயம் மீதியைச் செய்தது. நிலத்தடிச் சோதனை மட்டும் தடையின்றித் தொடர்ந்தது.

1964 அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் குண்டை வெடித்தது. நாமும் செய்யவேண்டும் என்று ஜனசங்கம் குரல் கொடுத்தது. மசானி முதலான சுதந்திராக் கட்சித் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள். 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது, ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த பிரார்த்தனைப் பாடல் ஒன்றையும் பாடினார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். பதினேழு மாதங்கள் கழித்து, 1974 மே 18 அன்று, பொக்ரானில் பூமிக்கு அடியில் இந்தியாவின் முதல் அணுகுண்டு வெடித்தது.