ஹாதோர்ன் ஆய்வுகள்

தொழிலாளரின் ஊக்கத்துக்கு மேலிருப்பவர் நடந்துகொள்ளும் விதமே காரணமா என்ற விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அமெரிக்க ஆய்வுகள். சிகாகோவை ஒட்டிய சிசரோவில், தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தன. அதற்கு முன் செல்வாக்குடன் இருந்தது, 1911இல் நூலாக வந்த ஃபிரெடரிக் டெய்லரின் கொள்கை: வேலைமுறையை நிர்வாகம் வகுக்கும், தொழிலாளியைக் கூலி முடுக்கும்.

தொடக்கத்தில் ஆராயப்பட்டது விளக்கொளிதான். வெளிச்சத்தைக் கூட்டியபோதும் குறைத்தபோதும் உற்பத்தி ஏறியதாகச் சொல்லப்படுகிறது. ஒரு சோதனையில், ஏறக்குறைய நிலவொளி அளவு வெளிச்சத்திலும் இரு பெண்கள் வேகம் குறையாமல் வேலை செய்தனர்.

1927 மே மாதத்தில், ரிலே எனும் மின்சுவிட்சுக் கருவியைப் பொருத்தும் பெண்கள் ஐவரும், உறுப்புகளை எடுத்துக்கொடுக்க ஒருவரும் தனி அறைக்கு மாற்றப்பட்டனர். ஒரு ரிலேயில் சுமார் 35 உறுப்புகள். பொருத்த ஏறத்தாழ ஒரு நிமிடம். முடிந்த ரிலே சரிவுக்குழாயில் விழும்போதெல்லாம் காகித நாடாவில் ஒரு துளை விழும். யார் எந்த வேளையில் சுணங்கினார், எப்போது வேகம் பிடித்தார் என்பதை அந்த நாடாவிலிருந்தே அறியலாம். அறையில் ஃபோர்மேன் இல்லை. கண்காணித்தவர் அதட்டவில்லை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பெண்களின் கருத்தைக் கேட்டார். இடைவேளையும் சிற்றுண்டியும் வந்தன, வேலைநேரம் குறைந்தது. 1928இல் இச்சலுகைகள் 12 வாரங்களுக்கு நிறுத்தப்பட்டபோதும் வார உற்பத்தி இறங்கவில்லை, மேலும் உயர்ந்தது. அவ்வாண்டில் ஆலைக்கு வந்த ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ, கனிவான மேற்பார்வையும் குழு உணர்வுமே இதற்குக் காரணம் என்று விளக்கினார்.

இவ்விளக்கம் எல்லோருக்கும் உடன்பாடானதல்ல. அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று இரு பெண்கள் 1928 ஜனவரியில் அறையிலிருந்து விலக்கப்பட்டனர். கனிவான மேற்பார்வைக்குச் சான்றாகக் காட்டப்படும் அறையில் இப்படி நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. மாற்றாக வந்தவர்களில் ஒருவரே மற்றவர்களை விரட்டி வேலை வாங்கினார் எனத் தெரிகிறது. கூலியும் ஆலைப் பிரிவு முழுவதன் உற்பத்தியை விட்டு, இச்சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்ததாயிற்று. 1967இல் அலெக்ஸ் கேரி, சான்றுகள் மேயோ தரப்பின் முடிவுக்கு நேர்மாறானவை என்றே வாதிட்டார். கூலி, கண்டிப்பு, கனிவு ஆகியவற்றின் பங்கைத் தனித்தனியே பிரித்தறிவது கடினம்.

1931–32இல் கம்பியிணைப்பு அறையில் 14 ஆண்கள் கவனிக்கப்பட்டனர். அவர்கள் தமக்குள் ஒரு நாளளவை வைத்திருந்தனர். அதை மிஞ்சி உழைப்பவருக்குத் தோளில் ஒரு குத்து விழும். ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் எழுதிய விரிவான அறிக்கை நூல் 1939இல் வெளிவந்தது. ஹெர்ஸ்பெர்க், மக்கிரெகர் முதலியோரின் ஊக்கக் கோட்பாடுகள் 1959க்குப் பின் பரவின.

தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட விளக்கொளிப் பதிவுகளைப் பொருளியலாளர்கள் லெவிட்டும் லிஸ்ட்டும் கண்டெடுத்து, தம் ஆய்வை 2011இல் வெளியிட்டனர். விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றப்பட்டிருந்தன. அதனால் திங்களன்று கண்ட ஏற்றம் வெளிச்சத்தின் விளைவாகத் தோன்றியது. ஆனால் சோதனை நடக்காத வாரங்களிலும் அந்த ஆலையில் திங்களன்று உற்பத்தி கூடியே இருந்தது.