வளரிளம் பருவ மனநலம்: பெற்றோர் கூற்றும் பிள்ளைகள் கூற்றும்

ஒரு பிள்ளையின் மனநலத்தை அறிய யாரைக் கேட்பது? நெடுங்காலம் ஆய்வாளர்கள் பெரியவர்களையே கேட்டனர். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் லபூஸ், மங்க் என்னும் ஆய்வாளர்கள் தாய்மாரோடு பிள்ளைகள் சிலரையும் தனியே கேட்டனர். தாய்மார் கூறியதைவிட அதிகமான அச்சங்களைப் பிள்ளைகள் கூறினர்.

இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டர் குழுவினர் 14, 15 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 1976இல் முடிவுகளை வெளியிட்டனர். பலர் உள்ளுக்குள் துயரமும் தாழ்வுணர்வும் கொண்டிருந்தனர். பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் அதைக் கவனித்திருக்கவில்லை.

1987இல் தாமஸ் ஆக்கன்பாக் குழுவினர் 119 ஆய்வுகளைத் தொகுத்தனர். முழு ஒற்றுமையை 1 எனக் கொண்டால், தாய்க்கும் தந்தைக்கும் இடையே ஒற்றுமை சராசரியாக 0.60, பிள்ளைக்கும் பிறருக்கும் இடையே 0.22 மட்டுமே. சண்டை, கீழ்ப்படியாமை போன்றவை கண்ணுக்குத் தெரிவதால் அவற்றில் ஒற்றுமை சற்று அதிகம். கவலையும் சோர்வும் மறைந்திருப்பதால் அவற்றில் குறைவு. எனவே வேறுபாடு என்றால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. ஒவ்வொருவரும் பிள்ளையை வெவ்வேறு சூழலில் காண்கின்றனர்.

இதன் பயனாக வினாப்படிவங்கள் மாறின. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட படிவம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. 11 முதல் 16 வயதினர் தாமே நிரப்பும் படிவம் பின்னர் வந்தது.

தமிழகத்தில் இதன் தேவையை உணர்த்துவது வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டார ஆய்வு. 1992 முதல் 2001 வரை அங்கு 10–19 வயதினரின் இறப்புகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்தனர். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்பிள்ளைகளில் 148 பேரும், ஆண்பிள்ளைகளில் 58 பேரும் தற்கொலையால் இறந்தது 2004இல் வெளியானது. இறந்தபின் குடும்பத்தாரைத்தான் விசாரிக்க முடியும். பிள்ளையின் கூற்று கிடைப்பதில்லை.

திருவாலங்காடு போன்ற ஊர்களிலிருந்து தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளையைக் காணும் நேரமே குறைவு. அத்தகைய வீடுகளில் பிள்ளையை நேரே கேட்பது இன்னும் முக்கியமாகிறது. "நன்றாகத்தான் இருக்கிறான்" என்னும் பதில் பாதிச் செய்தியே. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் (14416) சேவையைப் பிள்ளைகளும் பெற்றோரும் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.